பெயரின் விலை

பெயருக்கும் புகழுக்கும் நாம் அதிக வித்தியாசம் பார்ப்பதில்லை. "பையன் பெயர் எடுத்துவிட்டான்" என்றால் புகழ் பெற்றுவிட்டான் என்றுதான் அர்த்தம். பெரியவர்கள் வாழ்த்தும்போதுகூட, "பேரும் புகழுமாக இரு" என்று இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் இருந்தால் புகழ் வந்து ஒட்டிக்கொள்ளும், புகழ் வந்துவிட்டால் பெயர் நிலைத்துவிடும் என்பது நமது நினைப்பு. ஆனால் இந்த இரண்டும் எதிரும் புதிருமாக நின்றுவிட்டால்? "ஒன்றை வைத்துக்கொள், மற்றதைக் கீழே போட்டுவிட்டு வா" என்று ஒரு மனிதனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? என்ன செய்வது தர்மம்?

கதை எழுதுகிறவன் இப்படி ஒரு நெருக்கடியைக் கற்பனை செய்தால், "சற்றுச் செயற்கையாக இருக்கிறது" என்று விமரிசகர்கள் சொல்லிவிடுவார்கள். வாழ்க்கைக்கு விமரிசகர்களைப் பற்றிய பயம் கிடையாது. அது எந்தக் கதாசிரியனும் கூசும்படியான சம்பவங்களை வெகு சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறது. அப்படி எழுதப்பட்ட ஒன்றுதான் ஜான் டொனால்ட்சன் என்ற அமெரிக்கக் கறுப்பரின் வாழ்க்கை.

அவர் 1891-ஆம் வருஷம் மிசௌரி மாகாணத்தில் கிளாஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்குத் தெய்வம் கொடுத்த வரம் இடது கை. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறிகிறவரைப் 'பிட்சர்' என்பார்கள். நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில் பந்து வீசும் பொறுப்பை ஓவருக்கு ஓவர் மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காலத்துப் பேஸ்பாலில் பெரும்பாலும் ஒரே மனிதன் ஆட்டம் முழுவதையும் தன் தோளில் சுமக்க வேண்டும். எறிந்த பந்து தரையில் படாமல் பறந்து வரும். அதை மட்டையுடன் நிற்பவன் மூன்று முறை தவறவிட்டால் வெளியேற வேண்டியதுதான். இதற்கு 'ஸ்ட்ரைக் அவுட்' என்று பெயர். சாதாரணமாக ஓர் ஆட்டம் 9 இன்னிங்ஸில் முடிந்துவிடும். ஒரு சமயம் வெற்றி தோல்வி தெரியாமல் 18 இன்னிங்ஸ் வரை நீண்ட ஆட்டத்தில், டொனால்ட்சன் 35 பேரை இப்படி வெளியே அனுப்பினார் என்றால் அந்தக் கையின் மகிமையை ஊகித்துக்கொள்ளலாம்.

1911-ல் ஊர் ஊராகச் சுற்றி ஆடிய ஒரு கறுப்பர் குழுவில் அவர் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஜே. எல். வில்கின்சன் என்ற வெள்ளைக்காரர் அமைத்த 'ஆல் நேஷன்ஸ்' குழுவுக்கு வந்தார். பெயருக்கு ஏற்றபடி வெள்ளையர், கறுப்பர், செவ்விந்தியர், கியூபாக்காரர் என்று பல இனத்தவர் ஒன்றாக ஆடிய விசித்திரமான குழு அது. ஒரு ரயில் பெட்டியையே வீடாக வைத்துக்கொண்டு அமெரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் சுற்றினார்கள். காலையில் ஓர் ஊரில் இறங்குவது, மத்தியானம் ஆடுவது, மறுபடியும் ரயில் ஏறுவது. மைதானத்தில் கைதட்டிய ஊரே, ராத்திரி தங்குவதற்குக் கறுப்பனுக்கு இடம் தராமல் கதவைச் சாத்திக்கொள்ளும் காலம் அது.

பெரிய குழுக்களின் மைதானத்திலும் அதே கதவுதான். 1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலீடோ நகரத்தின் குழுவில் ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு கதவை மூடிவிட்டார்கள். 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி ஜாக்கி ராபின்சன் புரூக்லின் குழுவுக்காகக் களத்தில் இறங்கும் வரையில் அது திறக்கவில்லை. இடையில் கழிந்த அறுபத்து சொச்சம் வருஷங்களில், "கறுப்பர் ஆடக்கூடாது" என்று மேஜர் லீக் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. கனவான்களுக்குள் ஓர் உடன்பாடு, அவ்வளவுதான். எழுதிய சட்டத்தைக் கிழிக்கலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். எழுதாத சட்டத்தை எங்கே பிடித்து இழுப்பது? "யாரும் தடுக்கவில்லையே!" என்று எல்லோரும் கையை விரித்துவிடலாம்.

இந்த மூடிய கதவுக்கு முன்னால்தான் டொனால்ட்சனுக்கு அந்த அழைப்பு வந்தது. பின்னாளில் அவரே எழுதித் தெரிவித்த விஷயம் இது. பேஸ்பால் உலகில் பிரபலமான ஒருவர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார். நல்ல தொகை தருவதாகவும் சொன்னார். டொனால்ட்சன் கியூபாவுக்குப் போக வேண்டும். அங்கே தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பிரமுகரே அவரைக் கியூபாக்காரர் என்று சொல்லி அமெரிக்காவுக்குள் அழைத்து வருவார். கதவு திறந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. அவர் தம் தாயை மறுபடியும் போய்ப் பார்க்கக் கூடாது. கறுப்பு மக்கள் யாருடனும் எந்த உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

நடக்காத காரியம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 1901-ல் ஜான் மெக்ரா என்ற பெயர்பெற்ற மானேஜர், சார்லி கிராண்ட் என்ற கறுப்பு ஆட்டக்காரருக்கு 'டோக்கோஹாமா' என்று பெயர் சூட்டி, செவ்விந்தியர் என்று சொல்லித் தம் குழுவில் சேர்க்கப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டுப்போகவே காரியம் கைகூடவில்லை. 1911-ல் சின்சினாட்டி குழுவில் இரண்டு கியூபாக்காரர்கள் சேர்ந்தார்கள். நிறம் வெளுப்பாக இருந்ததால் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். ஆக, சுவரில் ஒரு சந்து இருந்தது. உடம்பைச் சற்று ஒடுக்கிக்கொண்டால் அதன் வழியே நுழைந்துவிடலாம்.

டொனால்ட்சன் மறுத்துவிட்டார். தம்முடைய நிறத்துக்காகத் தாம் வெட்கப்படவில்லை என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நமக்குக் கர்ணன் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. "நீ குந்தியின் மகன். என்னோடு வா, ராஜ்யம் உனக்கு" என்று கிருஷ்ணன் அழைத்தபோது, தன்னை எடுத்து வளர்த்த ராதையையும் தேரோட்டித் தகப்பனையும் விட்டு வர மாட்டேன் என்று அவன் சொல்லவில்லையா? கர்ணனுக்குக் கிடைக்க இருந்தது அவனுடைய மெய்யான பிறப்பின் உரிமை. டொனால்ட்சனுக்குக் கொடுக்க வந்ததோ பொய்யான ஒரு பிறப்பு. இருவரும் மறுத்தது ஒரே காரணத்துக்காகத்தான். தன்னை மகனே என்று கூப்பிட்ட வாயை மூடச் சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக ஒரு சிம்மாசனத்தை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

"இது உணர்ச்சிவசப்பட்ட முடிவு" என்று ஒரு கட்சி பேசலாம். வலுவான கட்சிதான். திறமை ஒருவனுடைய சொந்தச் சொத்து அல்ல. அது உச்சியை எட்ட வேண்டும் என்பது இயற்கை. தன் காலத்தின் மிகச் சிறந்த மட்டைக்காரர்களுக்கு எதிரில் நிற்காத பந்துவீச்சு, ரசிகர் இல்லாத அறையில் பாடிய பாட்டு மாதிரி. பெயரில் என்ன இருக்கிறது? தமிழ் எழுத்தாளர்களில் எத்தனையோ பேர் புனைபெயரில் எழுதியவர்கள். விருத்தாசலம் என்றால் திருதிருவென்று விழிப்பவர்கள் புதுமைப்பித்தன் என்றால் எழுந்து உட்காருவார்கள். மனைவியின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டு எழுதிய ஆண்கள் உண்டு. அதனால் அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது? ஒரு கியூபாப் பெயரைத் தாங்கிக்கொண்டு மகத்தான ஆட்டத்தை ஆடியிருந்தால், உலகம் ஒரு மேதையை அடைந்திருக்குமே?

புனைபெயரில் எழுதிய அனுபவம் எனக்கும் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமை இல்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். புனைபெயர் என்பது வாசலில் மாட்டிய பலகை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும், வீட்டுக்குள் அம்மா நம்மைப் பழைய பெயரிட்டுத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள். நாமும் எழுந்து போகிறோம். டொனால்ட்சனிடம் கேட்டது வாசல் பலகையை மாற்றச் சொல்லி அல்ல. வீட்டையே காலி செய்யச் சொன்னார்கள். அம்மா கூப்பிட்டால், "நீ யார்?" என்று கேட்கும்படி சொன்னார்கள். ஒருவன் தானாக ஏற்கும் பெயர் அலங்காரம். தன் சொந்தப் பெயரை இழப்பதற்காக ஏற்கும் பெயர் ஒரு விதமான சாவு.

அவர் ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ பல்லாயிரம் ஜனங்கள் எழுந்து நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். அது அவர் பெயர் அல்ல. மிசௌரியில் ஒரு தாய் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இவன் என் பிள்ளை" என்று சொல்ல அவளால் முடியாது. சொன்னால் பிள்ளையின் பிழைப்பு போய்விடும். அந்தப் புகழ் யாருக்கு வந்த புகழ்? இல்லாத ஒரு கியூபாக்காரனுக்கு வந்த புகழ். உயிரோடு இருக்கிற மனிதன், இல்லாத ஒருவனுக்கு ஆயுள் முழுவதும் சம்பளமில்லாத வேலைக்காரனாக இருக்க வேண்டும்.

ஆகவே அவர் மறுத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, "ஆஹா, என்ன தியாகம்!" என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தியாகத்தைப் புகழ்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஏகலைவனின் குருபக்தியைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். கட்டை விரலைக் கொடுத்தவனைப் புகழ்வதற்குப் பழகிய அளவுக்கு, அதைக் கேட்டவரிடம் கணக்குக் கேட்க நாம் பழகவில்லை. கொடுத்தவனின் பெருமை கூடக் கூட, கேட்டவரின் குற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. டொனால்ட்சனின் பெருமையைப் பேசும்போதும் இந்த ஆபத்து உண்டு.

அந்தப் பிரமுகரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவர் டொனால்ட்சனின் விரோதி அல்ல. விரோதிகள் எதற்கு மெனக்கெட்டுப் பணத்தோடு வருகிறார்கள்? திறமையைத் திறமை என்று கண்டுகொண்டவர் அவர். அது வீணாகக் கூடாது என்று ஆசைப்பட்டிருப்பார். தம் மனசாட்சிக்கு முன்னால், தாம் ஓர் உபகாரியாகவே நின்றிருப்பார். இங்கேதான் எனக்கு நெஞ்சில் முள் குத்துகிறது. அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. "இந்தச் சுவர் அநியாயம்" என்று தம் சக கனவான்களிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும். சிநேகிதர்கள் முகம் சுளிப்பார்கள், வியாபாரம் படுத்துப்போகும். இன்னொரு வழி, சுவரைத் தொடாமல் சந்து வழியாக ஓர் ஆளை இழுத்துக்கொள்வது. அதற்கு விலை கொடுக்க வேண்டியவன் டொனால்ட்சன். அநியாயத்தைச் செய்தது ஒரு கூட்டம். அதைத் தாண்டுகிற செலவை மட்டும், அநியாயத்துக்கு ஆளானவன் கணக்கில் எழுதினார்கள். எழுதியவர் கெட்டவரும் அல்ல, அவனுடைய ரசிகர்!

கொடுமைக்காரர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கதைகளில் அவர்களுக்கு மீசை வரைந்துவிடுகிறோம். அநியாயத்தோடு சமாதானமாக இருந்துகொண்டு, நடுநடுவே இரக்கமும் காட்டுகிற நல்லவர்களை எப்படி வரைவது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்து வரைய வேண்டியிருக்குமோ என்னவோ.

டொனால்ட்சன் தம் பெயரோடு தம் வழியே போனார். 1920-ல் கான்ஸாஸ் சிட்டியில் கறுப்பர்களுக்கென்று நீக்ரோ நேஷனல் லீக் உருவாயிற்று. வில்கின்சன் அதற்கென ஒரு குழு அமைத்தார். அதற்கு 'மொனார்க்ஸ்', அதாவது மன்னர்கள், என்ற பெயரைச் சொன்னவர் டொனால்ட்சன்தான் என்பார்கள். தம் பெயரை விற்க மறுத்தவர் ஒரு குழுவுக்குப் பெயர் கொடுத்தார். பின்னாளில் ஜாக்கி ராபின்சன் 1945-ல் ஆடியது அந்த மொனார்க்ஸ் குழுவில்தான்.

பிறகு அவர் மினசோட்டா மாகாணத்துக் கிராமாந்தரங்களில் கூலிக்குப் பந்து எறிந்தார். பெர்த்தா என்று ஓர் ஊர். சில நூறு ஜனங்கள் வாழ்கிற இடம். லிஸ்மோர் என்று இன்னொன்று. பக்கத்து ஊரை ஜெயிக்க வேண்டும் என்ற ரோஷத்தில் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் பணம் திரட்டி அவரை அமர்த்திக்கொண்டார்கள். 1925-ல் அந்த மாகாணத்தில் அவர் பந்து எறிவதை யாரோ சினிமாப் படமாகப் பிடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாத மௌனப் படம். அந்தக் கையின் அசைவில் நமக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

ராபின்சனுக்குக் கதவு திறந்தபோது டொனால்ட்சனுக்கு வயது 56. 1949-ல் சிகாகோ வொயிட் சாக்ஸ் குழு, திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடிக்கிற வேலைக்கு அவரை நியமித்தது. பெரிய குழுக்களில் முழுநேரமாக அந்த உத்தியோகம் பார்த்த முதல் கறுப்பர் அவர்தான். தாம் நுழைய முடியாத வாசலில் நின்று மற்றவர்களை உள்ளே அனுப்பும் உத்தியோகம்! சிகாகோவில் தபால் இலாகாவிலும் வேலை பார்த்திருக்கிறார். 1970 ஏப்ரலில் காலமானார். ஆல்சிப் என்ற ஊரிலுள்ள பர் ஓக் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் குழியின் மேல் கல் இல்லை. கல் இல்லாததால் பெயரும் இல்லை.

பெயருக்காகப் புகழை உதறியவரின் தலைமாட்டில் பெயர் இல்லை! வாழ்க்கை என்ற கதாசிரியனின் குரூரம் இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் ஆடிய நூற்றுக்கணக்கான ஊர்களில் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பத்திரிகை இருந்தது. சந்தை நிலவரம், கல்யாணச் செய்தி, மழை விவரம் ஆகியவற்றோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கணக்கையும் அவை அச்சிட்டன. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்து சில ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். 400-க்கு மேற்பட்ட வெற்றிகள், 5,000-க்கு மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட்டுகள்! மேஜர் லீக் சரித்திரத்தில் நோலன் ரயன் ஒருவர்தான் 5,000-ஐத் தாண்டியவர். அவருடைய கணக்கு 5,714. கிராமத்துக் குழுக்களை வென்றதும் மேஜர் லீக் மட்டைக்காரர்களை வென்றதும் ஒன்றல்ல என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு இடம் இல்லாமல் செய்தவர் டொனால்ட்சன் அல்லவே.

கர்ணனுக்கு வியாசர் இருந்தார். டொனால்ட்சனுக்கு, மண் மைதானத்தின் ஓரத்தில் பென்சிலோடு உட்கார்ந்து புள்ளி போட்டுக்கொண்டிருந்த ஊர் நிருபர்கள் இருந்தார்கள். தாம் ஒரு மனிதனின் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவுதான். அவர் வேறொரு பெயரில் ஒளிந்திருந்தால், அந்தக் கணக்கைக் கூட்டி எந்தப் பெயருக்கு நேரே எழுதுவது?

2004-ல் அந்தக் குழிக்கு ஒரு கல் வைத்தார்கள். பியோரியா நகரத்து மயக்க மருந்து டாக்டர் ஒருவர், பழைய கறுப்பு ஆட்டக்காரர்களின் பெயரில்லாத சமாதிகளைத் தேடி, பணம் திரட்டிக் கல் நாட்டும் காரியத்தை எடுத்துக்கொண்டார். அதில் டொனால்ட்சனுக்கும் ஒன்று. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபம் மட்டும் இன்னும் இடம் தரவில்லை. கறுப்பர் லீகுகளில் ஆடிப் புகழ்பெற்ற சாட்சல் பெய்ஜை அது 1971-ல் சேர்த்துக்கொண்டது. டொனால்ட்சன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 2006-ல் ஒரே தடவையாக 17 பேரைச் சேர்த்தபோது வில்கின்சனுக்கு இடம் கிடைத்தது, டொனால்ட்சனுக்குக் கிடைக்கவில்லை. 2021-ல் 12 வாக்குகள் தேவை, கிடைத்தது 8. 2024-லும் தேர்வாகவில்லை. 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பர் லீகுகளையும் மேஜர் லீகுகளாக ஏற்பதாக 2020-ல் அறிவித்தார்களே, அதுவாவது உதவியதா? அவருடைய கை உச்சத்தில் இருந்த வருஷங்கள் 1920-க்கு முந்தியவை.

புகழ் மண்டபத்தில் ஒரு நாள் அவருடைய வெண்கலத் தகடு ஏறலாம். ஏற வேண்டும். ஆனால் அன்றைக்கு, "நியாயம் கிடைத்துவிட்டது" என்று யாரும் பெருமூச்சு விடக் கூடாது. செத்தவனுக்குக் கல் நாட்டுவது நம் கணக்கைச் சரிசெய்துகொள்வதற்கு. அவனுடைய கணக்கு அதனால் நேராகாது. முப்பது வயதில் பெரிய மைதானத்தில் நின்றிருக்க வேண்டிய ஒரு மத்தியானத்தை, எந்தக் கமிட்டி வாக்கெடுத்துத் திருப்பித் தரும்?

அந்தக் கல்லில் இருப்பது தாய் அவரைக் கூப்பிட்ட பெயர். அதை அவர் விற்றிருக்கலாம். வாங்க ஆளும் இருந்தார், விலையும் நல்ல விலை. இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு டொனால்ட்சனுக்கு வந்த சோதனை வரப்போவதில்லை. அந்தப் பிரமுகருக்கு வந்த சோதனை தினமும் வருகிறது. உத்தியோகம் கேட்டு வருகிறவனிடம், வீடு கேட்டு வருகிறவனிடம், மருமகளாக வருகிறவளிடம், "எல்லாம் சரி, இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்ளாதே, இவர்களோடு மட்டும் போக்குவரத்து வைத்துக்கொள்ளாதே" என்று எவ்வளவு அன்பாகச் சொல்கிறோம்! உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொல்கிறோம். அப்படிச் சொல்ல வாயெடுக்கும்போது, அந்த உதவிக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று ஒரு விநாடி நின்று பார்த்தால் போதும்.